யானைக்கும் உண்டு பங்காளி வீடு!

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் முதல் கேள்வி 'பையனுக்கு என்ன சம்பளம்?' என்பது அல்ல. (அது இரண்டாவது.) முதல் கேள்வி, 'எந்தக் கோயில்?'

நகரத்தார்களுக்கு ஒன்பது கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒரே கோயில் என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. உட்பிரிவுக் கணக்கெல்லாம் தனி; அதை விளக்க ஆரம்பித்தால் ஆசிரியர் என் பக்கத்தைப் பிடுங்கி ராசிபலனுக்குக் கொடுத்துவிடுவார்.

எந்த ஜெனிடிக்ஸ் புரொபசரும் வந்து சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை இது. ஒரு சின்ன சமூகம் தனக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொண்டு பல நூறு வருஷம் ஓட வேண்டுமென்றால், யாருக்கு யார் என்ன உறவு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வைத்துக்கொண்டார்கள். கணக்கு வைப்பதில் எங்க ஊரை மிஞ்ச ஆள் உண்டா?

கோயிலும் கிடையாது, கணக்குப்பிள்ளையும் கிடையாது என்கிற ஒரு கூட்டம் இதை எப்படிச் சமாளிக்கும்? நான் சொல்வது யானைக் கூட்டத்தை.

செக்காலை ரோடு டீக்கடை ஒன்றில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பாங்க் நண்பர் ஒருவர், என்னைப் போலவே பி.காம்., சட்டென்று கேட்டார்:

"இந்தியாவுல இருபத்திரெண்டாயிரம் யானை இருக்காம்ல. அப்புறம் என்னய்யா, அழியுது அழியுதுன்னு சும்மா பயமுறுத்துறாங்க?"

நியாயமான கேள்விதான். 2025 அக்டோபரில் வெளியான கணக்கெடுப்பு சொன்ன எண்ணிக்கை 22,446. தமிழ்நாட்டில் மட்டும் 3,136. யானையைத் தலை எண்ணாமல், டி.என்.ஏ. வைத்து இந்தியா முழுக்க எண்ணியது இதுதான் முதல் தடவை. டேராடூனில் இருக்கும் இந்திய வனவிலங்கு நிறுவனத்துக்காரர்கள் காடு காடாகப் போய் யானையின் லத்தியைச் சேகரித்தார்கள். 21,056 சாம்பிள்! லத்தி வெளியே வரும்போது குடலின் உள்சுவர் செல்கள் கொஞ்சம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வரும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இது இன்ன யானை, இது வேறு யானை என்று பிரித்தார்கள். 4,065 தனித்தனி யானைகள் அடையாளம் தெரிந்தன. அதை வைத்து மொத்தக் கணக்கு போட்டார்கள். உங்கள் ஆபீஸில் யாராவது 'என் வேலை மாதிரி மோசமான வேலை உலகத்திலேயே கிடையாது' என்று புலம்பினால், இந்த 21,056-ஐச் சொல்லுங்கள். அடங்கிவிடுவார்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் பாலன்ஸ் ஷீட் பாஷையில். "அண்ணே, 22,446-ங்கறது டர்ன்ஓவர். ரிசர்வ் எவ்வளவுன்னு பார்த்தீங்களா?"

ஒரு கம்பெனிக்கு வியாபாரம் கோடியில் நடக்கலாம். ஆனால் திடீரென்று ஒரு கஷ்டம் வந்தால் தாங்குகிற கையிருப்பு வேறு சமாசாரம். காட்டு மிருகங்களுக்கு அந்தக் கையிருப்பு, கூட்டத்துக்குள் இருக்கும் ஜீன்களின் விதவிதம். ஒரு புது நோய் வருகிறது. எல்லோரும் அச்சு அசலாக ஒரே மாதிரி என்றால் ஒருவனைக் கொன்றது எல்லோரையும் கொல்லும். விதவிதமாக இருந்தால் பாதிப் பேராவது பிழைப்பார்கள். இந்தக் கையிருப்பு எப்படிச் சேர்கிறது, எப்படிக் கரைகிறது என்று கணக்குப் பார்ப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. மரபியல் என்றால் நாம் பயந்து ஓடுகிறோம். உண்மையில் அது பாதிக்கு மேல் அக்கவுண்டன்ஸிதான். பயாலஜி கொஞ்சம்.

யானை வீட்டு வழக்கம் என்னவென்று பார்ப்போம். பாட்டி, அம்மா, சித்தி, பெரியம்மா, பெண் பிள்ளைகள், பொடிசுகள். இதுதான் குடும்பம். தலைமை மூத்த பெண்ணிடம். பெண் பிள்ளை பிறந்தால் கடைசி வரை அம்மா வீட்டோடுதான். ஆண் பிள்ளை? பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அப்புறம் தனியாகவோ, தன்னைப் போன்ற நாலு தடியன்களோடு சேர்ந்தோ சுற்றல். திருவல்லிக்கேணி மேன்ஷன் வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். முப்பது, முப்பத்தைந்து வயது வரை பெரிய ஆண்களுக்கு முன்னால் இவனுக்குக் கல்யாணச் சந்தையில் மதிப்பே கிடையாது. (இதைப் படித்ததும் சில வாசகர்களுக்கு யானைமேல் தனிப் பாசம் வந்திருக்கும்.)

ஆக, நம் ஊரில் பெண் புகுந்த வீடு போகிறாள்; யானையில் பையன் ஊர் மாறுகிறான். எப்படியோ, பங்காளி வீட்டில் சம்பந்தம் நடக்காமல் பார்த்துக்கொள்ள இயற்கை ஏற்படுத்திய ஏற்பாடு. பையன் எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ, அவ்வளவு தூரம் இது வேலை செய்யும். நடக்க வழி இருக்க வேண்டும். கதையே அங்கேதான்.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்லிவிட வேண்டும். டி.என்.ஏ.வில் பெரும்பகுதி அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. ஆனால் மைட்டோகாண்ட்ரியா என்று செல்லுக்குள் ஒரு சமாசாரம். அதன் டி.என்.ஏ. மட்டும் அம்மாவிடமிருந்துதான் வரும். அம்மாவின் வெள்ளிச் சாமான் பெண்ணுக்கு, அவளிடமிருந்து அவள் பெண்ணுக்கு என்று போகிற மாதிரி. பையனுக்கும் கொஞ்ச நாள் உபயோகிக்கக் கொடுப்பார்கள். அவன் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியாது. யானைக் கூட்டங்களை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. அம்மா வழிக் கணக்கு ஒரு லெட்ஜர், அப்பா அம்மா சேர்ந்த கணக்கு இன்னொரு லெட்ஜர். இரண்டையும் ஒத்துப் பார்த்தால் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

2005-ல் டி.என்.சி. வித்யா, ரா. சுகுமார் முதலியோர் தென்னிந்தியக் காடுகளில் அப்படி ஒத்துப் பார்த்தார்கள். சுகுமார் சென்னைக்காரர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்துகொண்டு வாழ்நாளெல்லாம் யானையைப் படித்தவர். அவர்களுக்குக் கிடைத்த விடை விசித்திரமானது.

நீலகிரியும் அதை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் சேர்ந்தால் சுமார் 15,000 சதுர கிலோமீட்டர். முதுமலை, பந்திப்பூர், வயநாடு, சத்தியமங்கலம் எல்லாம் அதில் அடக்கம். உலகத்திலேயே ஆசிய யானைகள் ஒரே இடத்தில் அதிகமாக இருப்பது அங்கேதான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எத்தனை வகை அம்மா வழி இருக்கும்? பத்து? ஐந்து?

ஒன்று.

எடுத்த சாம்பிள் அத்தனையிலும் ஒரே வகை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. ஒன்பது கோயில் இல்லை, ஒரே கோயில்! எண்ணிக்கையில் சின்னதான ஆனைமலை, பெரியாறு யானைகளிடம் இருக்கும் விதவிதம்கூட நீலகிரி யானைகளிடம் இல்லை. டர்ன்ஓவரில் முதல் இடம், ரிசர்வில் கடைசி பெஞ்ச். பழைய காலத்தில் எப்போதோ கூட்டம் மிகவும் சிறுத்துப்போய், மிச்சமிருந்த சிலரிடமிருந்து மறுபடி பெருகியிருந்தால் இப்படி ஆகலாம்.

அடுத்த ஆச்சரியம் இதைவிடப் பெரிது. நீலகிரி யானையும் ஆனைமலை யானையும் ஜீன் கணக்கில் வெவ்வேறு. ஆனால் ஆனைமலை யானையும் பெரியாறு யானையும் ஒன்று. நடுவில் என்ன இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாய். சுமார் 40 கிலோமீட்டர் அகலம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகிற தூரம்கூட இல்லை ஸார்! ஒரு நாளில் யானை நடந்து தாண்டக்கூடிய தூரம். ஆனால் மலை இல்லாத, தாழ்ந்த, வறண்ட அந்தத் திட்டு, பல தலைமுறையாகக் கல்யாண எல்லையாக இருந்திருக்கிறது. இப்போது கேட்கவே வேண்டாம். நான்கு வழிச் சாலை, ரயில் பாதை, செங்கல் சூளை, காலேஜ், காலனி.

அந்தக் கணவாயின் ஓரத்தில் ரயிலில் அடிபட்டுச் செத்த யானைகளின் பட்டியல் நீளம். 2021 நவம்பர் 26-ம் தேதி ராத்திரி, கோயம்புத்தூரை அடுத்த நவக்கரை அருகே மங்களூர் - சென்னை ரயில் மோதி ஒரே நேரத்தில் மூன்று யானைகள் போயின. அப்புறம் 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் டவர் வைத்து, கேமரா பொருத்தி, யானை வருவதைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து டிரைவருக்குத் தகவல் சொல்லும் ஏற்பாடு வந்தது. நல்ல காரியம். ஏற்பாடு யானையைச் சாகாமல் காக்கிறது. தாண்ட வைப்பது வேறு வேலை.

ஜீன் எப்படிக் கரைகிறது என்று இன்னும் சொல்லவில்லையே. எங்க ஊர் பெரிய வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகும். கட்டியவர் ஒருவர், பங்கு இப்போது நாற்பது பேருக்கு. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாருங்கள். ஒரு பங்கில் வாரிசு இல்லை. ஒரு பங்கில் எல்லாம் பெண்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை, யாரும் யாரையும்விடக் கெட்டிக்காரர் இல்லை. சும்மா அதிர்ஷ்டக் கணக்கில் சில வழிகள் அற்றுப்போகின்றன, சில வழிகள் பெருகுகின்றன. கூட்டம் பெரிது என்றால் இந்தக் குலுக்கல் சீட்டு விளையாட்டு மெதுவாக நடக்கும். கூட்டம் சின்னது என்றால் ரொம்ப வேகம்.

எவ்வளவு வேகம் என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கண்கூடான கேஸ். தென்னாப்பிரிக்காவில் ஆடோ என்ற இடம். நாம் முதலில் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்: ஆசிய யானையில் ஆணுக்குத்தான் பெரிய தந்தம்; ஆப்பிரிக்க யானையில் ஆண் பெண் இரண்டுக்கும் உண்டு. ஆடோ பக்கம் விவசாயிகள் பயிரை யானை அழிக்கிறது என்று புகார் கொடுக்க, அரசாங்கம் 1919-ல் ப்ரிட்டோரியஸ் என்ற வேட்டைக்காரரை அனுப்பியது. மனிதர் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளிவிட்டார். 1931-ல் மனசு மாறி அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மிச்சம் இருந்தவை 11. அதில் இருந்த பெண் யானைகளில் தந்தம் இல்லாதவை தற்செயலாகப் பாதிக்குப் பாதி. அப்புறம் வேலி போட்டுப் பத்திரமாகக் காப்பாற்றினார்கள். வேட்டை கிடையாது. கூட்டம் நூற்றுக்கணக்கில் பெருகியது. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிப் பார்த்தால், அங்கே நூறு பெண் யானைகளில் 98-க்குத் தந்தம் இல்லை!

தந்தத்துக்காக யாரும் சுடவில்லை, கவனியுங்கள். சும்மா குலுக்கல் சீட்டுதான். 11 பேரில் ஆரம்பித்தால் அப்படித்தான் ஆகும். 2003-ல் க்ரூகர் பூங்காவிலிருந்து ஆண் யானைகளைக் கொண்டுவந்து ஆடோவில் விட்டார்கள். வெளியூர் மாப்பிள்ளை!

மொசாம்பிக் நாட்டில் கோரோங்கோசா என்று இன்னொரு பூங்கா. அங்கே நடந்ததும் தந்தம் சம்பந்தப்பட்டதுதான். ஆனால் காரணம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். இரண்டு தரப்பும் யானையைக் கொன்று தந்தத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கின. பத்தில் ஒன்பது யானைக்கு மேல் போய்விட்டது. போருக்கு முன் தந்தமில்லாத பெண் யானைகள் நூற்றுக்கு பதினெட்டரை. போருக்குப் பின் நூற்றுக்கு ஐம்பத்தொன்று. தந்தம் இருந்தவளைச் சுட்டான், இல்லாதவளை விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

2021-ல் இதன் ஜீன் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அதில் ஒரு துக்கமான திருப்பம். தந்தத்தை இல்லாமல் செய்கிற அந்த ஜீன் மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் மாற்றம் இருந்தாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும். தந்தம் மட்டும் வராது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் மாற்றம் இருந்தால் குட்டி பிறப்பதற்கு முன்பே போய்விடுகிறது. தந்தமில்லாத அம்மாவுக்கு நான்கு முறை கரு தரித்தால், சராசரிக் கணக்கில், தந்தமில்லாத பெண் ஒன்று, தந்தமுள்ள பெண் ஒன்று, நல்ல ஆண் ஒன்று, பிறக்காத ஆண் ஒன்று. பிறக்கும் மூன்றில் இரண்டு பெண். துப்பாக்கியிலிருந்து தப்ப உதவிய அதே ஜீன், பையன்களில் பாதியைக் கருவிலேயே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பதினைந்து வருஷப் போர் போதுமாக இருந்தது.

நம் மக்னா யானைக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். மக்னா என்பது தந்தமில்லாத ஆண். ஜோராக உயிரோடு இருக்கிறது, சில சமயம் கொம்பனையே ஓட ஓட விரட்டுகிறது. தென்னிந்தியாவில் ஆண்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தந்தம் உண்டு. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் அப்படியே தலைகீழ். பத்து ஆணில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது. ராமேஸ்வரத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம்தான்.

தந்த வேட்டை நம் பக்கம் வேறு மாதிரி நாசம் செய்தது. இங்கே ஆணுக்கு மட்டும் தந்தம் என்பதால், செத்ததெல்லாம் ஆண். வீரப்பன் கதை சத்தியமங்கலம் பக்கம், எல்லோருக்கும் தெரியும். பெரியாறு பக்கத்திலும் அதே தொழில் நடந்தது. 1980-களின் கடைசியில் அங்கே வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூற்றுக்கும் மேல் என்ற நிலை. வாசகர்களில் யாராவது 'அடடா, ஒரு ஆணுக்கு நூறா!' என்று சப்புக்கொட்டினால், கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொள்ளவும்.

அமெரிக்காவில் ஸூவல் ரைட் என்றொருவர், 1931-ல், ஆடோவில் 11 யானைக்கு வேலி போட்ட அதே வருஷத்தில், ஒரு சூத்திரம் வெளியிட்டார். ஒரு கூட்டத்தில் எத்தனை தலை இருக்கிறது என்பது ஏட்டுக் கணக்கு. ஜீன் கையிருப்பைக் காப்பதில் அது எத்தனை தலைக்குச் சமம் என்பது நடப்புக் கணக்கு. சூத்திரம் சுலபம்: ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கு, நாலால் பெருக்கு, மொத்தத்தால் வகு. ஐம்பது ஆண், ஐம்பது பெண் என்றால் விடை 100. ஏடும் நடப்பும் சரி. ஒரு ஆண், நூறு பெண் என்றால்? 4 × 1 × 100 = 400. மொத்தம் 101. வகுத்தால் 3.96.

அதாவது காட்டில் 101 யானை நிற்கும். கணக்கில் நான்கு!

காரணம் புரிகிறதல்லவா? அடுத்த தலைமுறைக் குட்டிகள் அத்தனைக்கும் அப்பா ஒருவரே. எல்லாம் ஒன்றுவிட்ட உறவு இல்லை, அரை அண்ணன் தங்கை. இதைச் சொன்னதும் பாங்க் நண்பர் டீயைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப அந்த இருபத்திரெண்டாயிரம்?" அதையும் இடம் இடமாகப் பிரித்து, ஆண் பெண் பிரித்து, நடப்புக் கணக்கு போட்டுத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம்: நடப்புக் கணக்கில் கோயில் யானைக்கு இடமே கிடையாது. எங்களுக்கு மிகப் பக்கத்தில் இருந்த யானை குன்றக்குடி சுப்புலட்சுமி. 2024 செப்டம்பரில் கொட்டகையில் தீப்பிடித்துக் காயப்பட்டு இறந்தபோது ஊரே அழுதது. சின்ன வயதில் அதன் தும்பிக்கையில் காசு வைத்து ஆசீர்வாதம் வாங்காதவர்கள் இந்தப் பக்கம் குறைவு. குட்டி போடாமலே ஐம்பது வருஷம் நம்மை ஆசீர்வதித்துக்கொண்டிருந்துவிட்டுப் போன ஜீவன்.

சிவிங்கிப்புலிக் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ('சீட்டா' என்பது நம் நாட்டு வார்த்தைதான், இங்கிலீஷ்காரன் எடுத்துக்கொண்டுபோனான். பேப்பர்களில் அதைச் சிறுத்தை என்று எழுதிச் சிறுத்தைக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தார்கள்.) இந்தியாவில் அது பூண்டோடு அழிந்ததாக அறிவித்தது 1952-ல். 2022 செப்டம்பர் 17-ல் நமீபியாவிலிருந்து எட்டு, 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு, மத்தியப் பிரதேசம் குனோ காட்டுக்கு விமானத்தில் வந்து இறங்கின. இந்த மிருகத்தின் ஜீன் கையிருப்பு ஏற்கெனவே படுமோசம். 1980-களில் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத சிவிங்கிப்புலிகளுக்கு இடையே தோலை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள். மனிதரில் கூடப்பிறந்த அண்ணன் தோலையே உடம்பு வேண்டாம் என்று தள்ளிவிடும். இவை ஏற்றுக்கொண்டன! எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. பல்லாயிரம் வருஷத்துக்கு முன் நடந்த ஒரு சிறுத்தலின் பில் இன்னும் செட்டில் ஆகவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் லேபுக்குள் மட்டும் உபயோகப்படுகிறது என்று நினைக்காதீர்கள். 2002-ல் சிங்கப்பூரில் ஆறரை டன் தந்தம் பிடிபட்டது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை போட்ட ஊராயிற்றே, அதனால் இதைச் சொல்கிறேன். அவ்வளவு சரக்கு என்றால் ஆப்பிரிக்கா முழுக்கப் பொறுக்கிச் சேர்த்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். சாமுவேல் வாஸர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு, ஆப்பிரிக்கா முழுக்க யானை லத்தி, திசு எல்லாம் சேர்த்து எந்த வட்டார யானைக்கு எந்த டி.என்.ஏ. என்று ஒரு மேப்பே தயாரித்து வைத்திருந்தது. தந்தத்தின் டி.என்.ஏ.வை அதோடு ஒத்துப் பார்த்தால், கை நீண்டது ஜாம்பியாவை மையமாகக் கொண்ட ஒரு வட்டாரத்தை நோக்கி. கள்ளச் சரக்குக்கு விலாசம் ஒட்டியிருந்தது, உள்ளேயே!

மறுபடி நம் மலைக்கு வருவோம். 2024-ல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் இந்திய யானைகளின் முழு டி.என்.ஏ.வையும் படித்துவிட்டு, இந்தியாவில் யானைக்கு ஐந்து தனிக் கூட்டங்கள் என்றார்கள். வடக்கே ஒன்று, நடு இந்தியாவில் ஒன்று, மீதி மூன்றும் தெற்கே. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று. அதற்கும் செங்கோட்டைக் கணவாய்க்கும் நடுவே ஒன்று. செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று. ஆதியில் யானைகள் வடக்கிலிருந்து படிப்படியாகத் தெற்கே பரவியிருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னக் கூட்டம் மட்டும் பிரிந்து வந்து தனிக்குடித்தனம் போட்டிருக்கிறது. எங்க ஊரில் 'வேறு வைப்பது' என்பார்கள். பெரிய வீட்டுப் பாத்திரம் அத்தனையுமா கூட வரும்? நாலு வரும். அடுத்து வேறு வைக்கும்போது அதிலிருந்து இரண்டு. தெற்கே வரவரக் கையிருப்பு குறைவு.

ஆக, எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது செங்கோட்டைக்குத் தெற்கே அகத்தியமலைக் கூட்டம். 150-க்கும் குறைவான யானைகள். ஜீன் விதவிதத்திலும் இவைதான் எல்லோரிலும் ஏழை. 2022-ல் தமிழக அரசு அந்த மலையை யானைகள் காப்பகமாக அறிவித்தது. நடுவில் இருக்கும் செங்கோட்டைக் கணவாயோ பாலக்காடு மாதிரி அகலம்கூட இல்லை. ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகிற ரோடும் ரயிலும் அதில்தான்.

என்ன செய்யலாம்? கணக்குப் பார்க்கிறவர்களிடம் ஒரு பழைய பெருமதிப்பீடு இருக்கிறது: ஒரு தலைமுறைக்கு ஒரே ஒரு வெளியூர்க்காரன் வந்து குடும்பம் நடத்தினாலே, கையிருப்பு கரைவது பெரும்பாலும் நின்றுவிடும். வருஷத்துக்கு ஒருவன் வேண்டாம். யானைக்குத் தலைமுறை என்றால் இருபது, இருபத்தைந்து வருஷம். அதற்கு ஒருவன்.

அரிக்கொம்பன் ஞாபகம் இருக்கிறதா? ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்பதால் அந்தப் பேர். கேரளத்தில் சின்னக்கானலில் வீடுகளை உடைத்து, ஆட்களைக் கொன்று, கோர்ட் வரை போன கேஸ். 2023 ஏப்ரல் 29-ம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அய்யா அங்கே நிற்கவில்லை. மே கடைசியில் கம்பம் டவுனுக்குள் வந்து தெருவில் நடந்தார். நம் டி.வி.க்களுக்கு அந்த வாரம் அரசியலே தேவைப்படவில்லை. ஜூன் 5-ம் தேதி தமிழக வனத்துறை பிடித்தது. லாரியில் ஏற்றி, தேனி மாவட்டத்திலிருந்து ராத்திரி பகலாக ஓட்டிக்கொண்டுபோய், களக்காடு முண்டந்துறைக் காட்டில், மேல் கோதையாறு பக்கம் இறக்கிவிட்டது.

மேப்பைப் பாருங்கள். சின்னக்கானல், செங்கோட்டைக் கணவாய்க்கு வடக்கே. மேல் கோதையாறு, தெற்கே. எந்த யானையும் நடந்து தாண்டத் தயங்கும் எல்லையை, ஒரு கொம்பன் லாரியில் தாண்டியிருக்கிறான். ஜனங்கள் உயிருக்குப் பயந்து செய்த ஏற்பாடு அது. யாரும் ஜாதகம் பார்த்து அனுப்பவில்லை. அவனுக்கும் அது சிறைத் தண்டனை மாதிரிதான் இருந்திருக்கும். வழக்கமான காடு, வழக்கமான கூட்டம், வழக்கமான ரேஷன் கடை எல்லாம் போயிற்று. ஆனால் ஸூவல் ரைட்டின் லெட்ஜரில் அது ஒரு வரவு. வெறுமனே அங்கே இருந்தால் பற்றாது, குடும்பமும் நடத்த வேண்டும்.

பிள்ளை உண்டா இல்லையா என்று தெரிய யாரும் அவனிடம் போய் விசாரிக்க வேண்டாம். களக்காடு மலையில் லத்தி பொறுக்கப்போகும் அடுத்த ஆராய்ச்சி மாணவர், அதை டப்பாவில் போட்டு லேபுக்கு அனுப்பினால் போதும். ஒரு குட்டியின் டி.என்.ஏ.வில் பாதி அகத்தியமலை, பாதி சின்னக்கானல் என்று வந்துவிட்டால், மாப்பிள்ளை செட்டில் ஆகிவிட்டான் என்று அர்த்தம்.